எந்தச் சரக்கு?

2017 ஜூலை 1 அன்று நாடு முழுவதற்கும் ஒரே வரி என்று ஒன்று நடைமுறைக்கு வந்தது. ஜிஎஸ்டி என்று எல்லோரும் சொல்லும் அந்த வரிக்குத் தமிழ்ப் பெயர் சரக்கு மற்றும் சேவை வரி. பெயரைக் கேட்டதும் தமிழ்நாட்டில் பலருக்கு உதட்டோரம் சிரிப்பு வந்தது. 'சரக்குக்குமா வரி?' என்ற கேலி உடனே கிளம்பிவிட்டது. வரியைப் பற்றி ஒன்றுமே தெரியாதவருக்கும் கேலி புரிந்தது.

வேடிக்கை அதோடு முடியவில்லை. சட்டத்தைப் புரட்டினால், தெருவில் 'சரக்கு' என்றதும் எது நினைவுக்கு வருமோ அதற்கு மட்டும் சரக்கு வரி கிடையாது. அரசியல் சாசனத்தின் 366ஆம் பிரிவு இந்த வரி இன்னதென்று வரையறுக்கும்போதே, மனிதர் அருந்தும் மதுவை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. பெட்ரோலும் டீசலும்கூட இப்போதைக்கு வெளியேதான் நிற்கின்றன. ஆனால் வரி மன்றம் ஒரு தேதி குறித்தால் அவை உள்ளே வந்துவிடலாம். மது வரவேண்டுமானால் சாசனத்தையே திருத்த வேண்டும். ஆக, பாக்கெட் மிக்சருக்கு ஜிஎஸ்டி உண்டு, கலக்கிற சோடாவுக்கு உண்டு, சரக்குக்கு இல்லை. (வரியே இல்லை என்று யாரும் மகிழ்ந்துவிட வேண்டாம். ஆயத்தீர்வை, மதிப்புக் கூட்டு வரி என்று மாநில அரசு தனியாக வசூலிக்கிறது, அதுவும் தாராளமாக.)

சட்டத்துறையில் உட்கார்ந்து மொழிபெயர்த்தவர் மேல் ஒரு பிழையும் இல்லை. விற்கவும் வாங்கவும் ஏற்றவும் இறக்கவும் ஆகிற எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தமிழில் இருக்கிற சொல் அதுதான். அவ்வளவு பொதுவான, அவ்வளவு சப்பென்ற ஒரு கடைத்தெருச் சொல் எப்படிக் கேட்டவுடன் சிரிப்பு மூட்டுகிற சொல்லாயிற்று என்பதுதான் விஷயம்.

கொச்சை வழக்கு என்றாலே ஏதோ வண்ணமான, காரமான, புதிதாகக் கண்டுபிடித்த சொற்கள் என்று நினைக்கிறோம். கெத்து, மொக்கை, தெறி மாதிரியான சொற்கள் அப்படித்தான். ஆனால் இவை ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரே வேலைதான் செய்கின்றன. கணக்கில்லாமல் புதுப் பொருள்களை வாங்கிப் போட்டுக்கொள்கிற சொற்கள் வேறு மாதிரியானவை. சரக்கு, சாமான், பொருள், விஷயம், மேட்டர், ஐட்டம், கேஸ், பார்ட்டி. இவற்றில் எதையாவது தனியாக எடுத்து இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் சொல்வது கஷ்டம். ஏனென்றால் உள்ளே அதிகம் ஒன்றும் இல்லை. வெறும் பாத்திரங்கள். அதனால்தான் யார் வேண்டுமானாலும் எதையும் ஊற்றிக்கொள்ள முடிகிறது.

சரக்கையே எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடித் துறைமுகம் இத்தனை டன் சரக்குகளைக் கையாண்டது என்று செய்தி வரும். சரக்கு ரயில் தடம்புரளும், சரக்கு வேன் கவிழும், சரக்குப் பெட்டகம் கப்பலில் ஏறும். தமிழ்வழியில் வணிகவியல் படித்தவர்களுக்குத் தொடக்கச் சரக்கிருப்பு, இறுதிச் சரக்கிருப்பு இரண்டும் பரீட்சைவரைக்கும் துரத்தி வந்தவை. தென்மாவட்டங்களிலும் இலங்கையிலும் பலசரக்குக் கடை. சென்னைக்காரருக்கு அதே கடை மளிகை. இதுவரை சிரிக்க ஒன்றும் இல்லை. எல்லாம் வாங்கல், விற்றல், அடுக்கி வைத்தல்.

இனி ஒரு டீக்கடை வாசலுக்குப் போகலாம். 'டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், சரக்கு மாஸ்டர் தேவை' என்று எழுதித் தொங்கும். அந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர் நின்று ஒருமுறை திரும்பப் படிப்பார். சரக்கு மாஸ்டர் என்பவர் வடை, பஜ்ஜி, போண்டா, மிக்சர், லட்டு இவற்றையெல்லாம் போடுகிறவர். கண்ணாடி அலமாரியில் அடுக்குகிற பண்டங்கள்தான் அந்தக் கடைக்குச் சரக்கு. டீயும் அங்கே விற்கத்தான் செய்கிறது, ஆனால் அதைச் சரக்கு என்று சொல்வதில்லை. பரோட்டாவும் இல்லை. ஏன் என்று கேட்டால் கடைக்காரருக்கே சிரிப்பு வரும். அப்படித்தான் சொல்வது, அவ்வளவுதான்.

சித்த மருத்துவரிடம் போனால் அதே சொல் இன்னொன்றாகிவிடுகிறது. அவருக்குச் சரக்கு என்றால் மருந்துக்கான மூலப்பொருள். சுக்கு, மிளகு, திப்பிலி போன்றவை கடைச்சரக்கு. உப்புகளும் உலோகங்களும் பாடாணங்கள் எனும் நச்சுக் கனிமங்களும்கூடச் சரக்குதான். மருந்து செய்வதற்கு முன்னால் அவற்றின் நஞ்சையும் அழுக்கையும் போக்குகிற முறைக்குச் சரக்குச் சுத்தி என்று பெயர். ஒவ்வொரு சரக்குக்கும் ஒவ்வொரு சுத்திமுறை. மாணவர்கள் அதை வரிசையாக மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். படிப்பு முடிகிறவரை நண்பர்களின் கேலியையும் கேட்கத்தான் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் சரக்கு இன்னும் நெருக்கமான இடத்துக்கு, அடுப்படிக்கு, வந்துவிடுகிறது. பிள்ளை பெற்ற வீட்டில் சரக்கு அரைத்துக் கறி வைப்பார்கள். கொத்தமல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு (தமிழ்நாட்டில் சுக்கு என்பது), உள்ளி எல்லாம் சேர்ந்த காரம் குறைந்த அரைப்பு அது, பத்தியச் சாப்பாடு. புலம்பெயர்ந்தவர்கள் கூடவே கொண்டு போனதில் இதுவும் ஒன்று. டொரன்டோவிலும் லண்டனிலும் ஈழத்தமிழர் கடைகளில் 'சரக்குத் தூள்' பொட்டலம் அலமாரியில் இருக்கும். சென்னையிலிருந்து போன பையன் முதல்முறை அதைப் பார்த்தால் என்ன நினைப்பான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மூன்று இடங்களிலும் நடந்தது ஒன்றேதான். எதற்கும் பொருந்துகிற ஒரு பொதுச்சொல், ஒரு கூட்டத்துக்குள் போனதும், அந்தக் கூட்டத்துக்கு எது முக்கியமோ அதன் பெயராகச் சுருங்கிவிட்டது. எதைப் பற்றித் தினமும் பேசுகிறோமோ அதற்குப் பெயர் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. 'சரக்கு ரெடியா?' என்று கடை முதலாளி கேட்டால் மாஸ்டருக்குத் தெரியும். சமையல்கட்டில் மாமியார் 'சரக்கை அரைச்சிட்டியோ?' என்றால் மருமகளுக்குத் தெரியும். பண்டம் என்ற சொல்லுக்கும் இதே கதைதான். பண்டமாற்று, பண்டசாலை என்று விரிந்து கிடந்த சொல், தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் வாயில் தின்பண்டமாக மட்டும் நிற்கிறது. பிள்ளைகளுக்கு வேறு எந்தப் பண்டத்தோடு என்ன வேலை?

குடிக்கிறவர்கள் செய்ததும் இதையேதான். நான்கு பேர் சேர்ந்து சாயங்காலத்துக்கு ஏற்பாடு செய்யும்போது அவர்களுக்கு முக்கியமான பொருள் ஒன்றே ஒன்று. அது சரக்கு. மருத்துவர் சுருக்கினால் கலைச்சொல், குடிகாரர் சுருக்கினால் கொச்சை என்கிறோம். மொழியின் பக்கம் நின்று பார்த்தால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. சொன்னவர் யார், அவருக்கு ஊரில் என்ன மரியாதை என்பதில்தான் வித்தியாசம்.

ஆனாலும் மதுவின் கதையில் இன்னொரு காரணமும் சேர்கிறது. மறைத்துப் பேச வேண்டிய தேவை.

பழைய தமிழுக்கு அந்தத் தேவை இருந்ததாகத் தெரியவில்லை. கள், நறவு, தேறல், மட்டு, தோப்பி என்று சங்கப் பாடல்கள் நேராகவே பேசுகின்றன. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு கள்ளில்தான் தொடங்குகிறது: கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் சேர்ந்து உண்பான். இதில் கூச்சம் எங்கே இருக்கிறது? திருக்குறளில் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரம் வந்த பிறகும்கூட, கண்டிப்பவர் கண்டிக்கிற பொருளுக்கு அதன் பெயரைச் சொல்லித்தான் கண்டிக்கிறார். இன்று அரசாங்கம் பயன்படுத்துகிற 'மது' என்ற நாகரிகமான சொல்தான் உண்மையில் ஒரு முகமூடி. வடமொழியில் அது தேனையும் இனிப்பையும் குறிக்கிற சொல்.

சென்னை மாகாணத்தில் 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் அது மாகாணம் முழுவதற்கும் பரவியது. 1971இல் கருணாநிதி அரசு தளர்த்தியது, 1974இல் திரும்ப மூடியது, 1981இல் எம்ஜிஆர் அரசு மறுபடி திறந்தது. அதாவது ஒரு தலைமுறைக்கு மேல், குடிப்பவர் தன் பானத்தின் பெயரை வெளியே சொன்னால் வம்பு. பெர்மிட் வைத்திருந்த சிலரைத் தவிர மற்றவர்களுக்கு வாங்குவதும் குற்றம், விற்பதும் குற்றம். அப்படிப்பட்ட காலத்தில் எந்தச் சொல் உதவும்? புதிதாக ஒரு ரகசியச் சொல்லை உருவாக்கினால், கேட்கிற போலீஸ்காரருக்கு அந்தச் சொல்லே சந்தேகம் கொடுக்கும். கடைத்தெருவில் நாள் முழுக்கப் புழங்குகிற சொல்லாக இருந்தால் சந்தேகமே வராது.

"அண்ணே, சரக்கு வந்திருச்சா?"

"நாளைக்கு வாப்பா."

இதைத் தெருவில் நின்று சத்தமாகவே கேட்கலாம். கேட்பவர் அரிசி மண்டிக்காரராகவும் இருக்கலாம். ஒரு சொல்லுக்குள் எவ்வளவுக்கெவ்வளவு பொருள் குறைவோ அவ்வளவுக்கவ்வளவு அது மறைவுக்கு நல்லது. 'தண்ணி'யும் இந்த வேலையைத்தான் செய்தது. தண்ணீரை விடச் சாதுவான சொல் உண்டா? 'அவர் குடிப்பாரா?' என்று பெண் வீட்டார் விசாரிக்கும்போதும் அதே உத்திதான். எதைக் குடிப்பார் என்று யாரும் கேட்பதில்லை. சில வீடுகளில் 'அவர் சாப்பிடுவாரா?' என்றே இன்னும் ஒரு படி இறக்கிக் கேட்பார்கள். அதற்கும் சரியான பதில் கிடைத்துவிடும்.

பிறகு மதுவிலக்கு போயிற்று. மறைக்க வேண்டிய சட்டக் காரணம் போயிற்று. சொல் மட்டும் போகவில்லை. 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கிய டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையையும் தானே எடுத்துக்கொண்டது. அந்த நிறுவனத்தின் முழுப்பெயரைத் தமிழில் சொன்னால் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம். அதில் மது என்ற சொல்லே இல்லை. எதை வாணிபம் செய்கிறது என்றும் இல்லை. தெருக்காரர் சரக்கு என்றார், அரசாங்கம் வாணிபம் என்றது. இருவரும் ஒரே பொதுச்சொல் மூட்டையிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். புட்டியில் மட்டும் 'மது நாட்டுக்கு வீட்டுக்கு உயிருக்குக் கேடு' என்று பெயர் சொல்லி அச்சடித்தார்கள்.

இத்தனை பொருளை ஒரே சொல் தாங்கும்போது ஊரில் ஏன் குழப்பம் வருவதில்லை? சரக்கு எந்த வினையோடு சேர்கிறது என்று கவனித்தால் போதும். ஏற்று, இறக்கு, அனுப்பு என்றால் லாரி. அரை என்றால் அம்மி, மிக்சி. சுத்தி செய் என்றால் வைத்தியம். அடி என்றால் புட்டி, வேறு எதுவுமே இல்லை. 'சரக்கு அடிச்சான்' என்பதை எந்த நீதிபதியும் வேறு மாதிரி வாசிக்க முடியாது. 'போடு' கொஞ்சம் ஆபத்தானது. மாஸ்டர் சரக்குப் போட்டார் என்றால் வடை சுட்டிருக்கிறார். மற்ற யார் போட்டாலும் நாற்றம் வரும்.

வேற்றுமை உருபும் காட்டிக்கொடுத்துவிடும். 'சரக்குல பேசறான்' என்றால் போதையில் பேசுகிறான். அரிசி மூட்டைமேல் ஏறி நின்று பேசுகிறான் என்று யாருக்கும் தோன்றாது. பன்மையில் இன்னும் சுவாரசியம். சரக்குகள் என்று சொன்னால் எப்போதும் கப்பல், ரயில், குடோன்தான். டாஸ்மாக் வாசலில் நின்று 'சரக்குகள் வாங்க வந்தேன்' என்று எவரும் சொன்னதில்லை. தண்ணீரையும் எண்ணெயையும் போல அங்கே அது எண்ணிக்கைக்கு அடங்காத பொருளாகிவிட்டது. எண்ணுவதெல்லாம் குவார்ட்டரையும் ஆஃபையும்தான். ஆக, மதுவின் கறை படாமல் இந்தச் சொல்லைக் காப்பாற்றுகிற விகுதி எது என்றால், 'கள்'. தமிழுக்குக் குறும்பு அதிகம்.

தொகைச்சொற்களுக்குள் பழைய பொருள் பத்திரமாக இருக்கிறது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். பலசரக்கைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை. சரக்கு ரயிலைக் கேட்டும் சிரிப்பதில்லை. ஜிஎஸ்டி பெயரில் சரக்கு முதல் சொல்லாகத் தனியாக நின்றதும், அடுத்து 'மற்றும்' என்று வந்து அதைப் பிரித்துக் காட்டியதும்தான் கேலிக்கு இடம் கொடுத்தது. 'சரக்குச் சேவை வரி' என்று ஒட்டி எழுதியிருந்தால் இவ்வளவு சிரித்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த மோதலில் உண்மையில் அடிபட்டது லாரிச் சரக்கு இல்லை. மண்டைச் சரக்குதான்.

ஒருவருக்குள்ளே இருக்கிற அறிவையும் திறமையையும் சரக்கு என்று சொல்வது இன்று நேற்று வந்ததல்ல. நெஞ்சைச் சரக்கறையாகப் பார்ப்பது ஏழாம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. அப்பர் தேவாரத்தில் சரக்கறைத் திருவிருத்தம் என்றே ஒரு பதிகம். சிவனுடைய விடை, மழு, பூதப்படை என்று ஒவ்வொன்றாக அடுக்கி, என் நெஞ்சம் இவற்றுக்கெல்லாம் சரக்கறையோ என்று கேட்கிறார். பொருளை அடுக்குகிற அறை, நினைவை அடுக்குகிற மனமாயிற்று. அந்த வழியிலேயே 'ஆளு சரக்குள்ளவர்', 'பேச்சுல சரக்கு இல்ல', 'இது என் சொந்தச் சரக்கு' எல்லாம் வந்தன. ஒரு எழுத்தாளரைப் பற்றிச் சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அதைவிடக் கொடுமையான விமர்சனம் கிடையாது. செட்டியார் முறுக்கா, சரக்கு முறுக்கா என்ற பழமொழியும் இந்தப் பக்கத்துக்குத்தான்: விலை ஏறுவது விற்கிறவரின் சாமர்த்தியத்தாலா, பொருளின் தரத்தாலா?

இந்தப் பொருள் சாகவில்லை, ஆனால் வாயில் வரத் தயங்குகிறது. ஒரு பட்டிமன்றப் பேச்சாளரை மேடையில் அறிமுகம் செய்யும்போது 'சரக்கு நிறைய வைத்திருப்பவர்' என்று சொல்லிப் பாருங்கள். கூட்டம் சிரிக்கும், பேச்சாளர் நெளிவார். வினை இங்கே உதவிக்கு வராததுதான் காரணம். 'அவர்கிட்ட சரக்கு இருக்கு' என்பதில் இருக்கிற 'இரு' எந்தப் பக்கமும் சாய்கிற வினை. தலையிலும் இருக்கலாம், இடுப்பிலும் இருக்கலாம். இரண்டு பொருள்கள் ஒரே வாக்கியத்தில் உட்கார இடம் கேட்டால், சிரிப்பு மூட்டுகிற பொருள்தான் முதலில் உட்காரும். கண்ணியமான பொருள் எழுந்து போய்விடும்.

இன்னொரு பொருளைச் சொல்லாமல் விட முடியாது. பெண்ணைச் சரக்கு என்பது. ஐட்டம், பீஸ், கட்டை, ஃபிகர் என்று அதற்கு ஒரு கூட்டமே இருக்கிறது. சிலர் இதையும் மற்றக் கொச்சைகளோடு சேர்த்து, இளைஞர்களின் ஜாலிப் பேச்சு என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. மதுவைச் சரக்கு என்கிறபோது சொல் ஒன்றை மறைக்கிறது. பெண்ணைச் சரக்கு என்கிறபோது எதையும் மறைக்கவில்லை. சொல்பவர் அவளை விற்கவும் வாங்கவும் ஆகிற பண்டமாகப் பார்ப்பதை அப்படியே வெளியே காட்டுகிறது. இங்கே சொல்லின் பொருள் மாறவே இல்லை. வணிகப் பொருள் என்ற பழைய பொருள்தான் முழுசாக வேலை செய்கிறது. மலையாளத்திலும் 'சரக்கு'க்கு இதே இழிபொருள் உண்டு என்பதால் இது தமிழ்நாட்டுக்காரர் மட்டும் கண்டுபிடித்தது என்று சொல்லிவிடவும் முடியாது.

மலையாளத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அங்கே மதுவுக்குப் பெரும்பாலும் சரக்கு என்று சொல்வதில்லை, 'சாதனம்' என்பார்கள். தமிழில் சாதனம் என்றால் கருவி. மலையாளத்தில் வெறுமனே சாமான், பொருள். வேறு சொல், ஆனால் அதே வகைச் சொல். இந்தியில் 'மால்' என்ற சொல்லைப் பாருங்கள்: சரக்கு, செல்வம், கஞ்சா, கூடவே பெண்ணுக்கான இழிசொல். ஏறக்குறைய நம் சரக்கின் இரட்டைப் பிறவி. 2020இல் மும்பைத் திரையுலகத்தில் போதைப்பொருள் விசாரணை நடந்தபோது, வாட்சப்பில் 'மால் இருக்கா' என்று யாரோ கேட்ட ஒரு வரியைத் தொலைக்காட்சிகள் நாள்கணக்கில் ஓட்டின. மால் என்றால் எது என்பதுதான் மொத்த விவாதமும். பொதுச்சொல்லின் முழு லாபமும் அங்கேதான்: கேட்டவருக்குப் புரியும், பிடிபட்டால் வேறு பொருள் சொல்லிக்கொள்ளலாம். 2017ஆம் ஆண்டு வரிச் சட்டத்தின் இந்திப் பெயரிலும் இருப்பது 'மால்'தான் என்பது கூடுதல் தகவல். ஆனால் இந்திச் செய்தித்தாள்களில் அதிகம் புழங்குவது 'வஸ்து'. தமிழில் அப்படி ஒரு மாற்றுச்சொல் ஒட்டவில்லை.

தமிழுக்குள்ளேயே சாமான் படுகிற பாடு இதைவிட மோசம். அம்மா 'சாமான் தேய்க்கணும்' என்பார், 'மளிகைச் சாமான் வாங்கிட்டு வா' என்பார். கல்லூரிப் பையன்கள் நாலு பேர் இருக்கும் இடத்தில் அந்த வாக்கியத்தை யாராவது சொன்னால் அடக்க முடியாத சிரிப்பு. ஒரே வீட்டில், ஒரே சொல், இரண்டு தலைமுறைக்கு இரண்டு உலகம். இலங்கையில் சாமான் இன்னும் பெரிதாகக் கெடவில்லை. சாமான் வாங்கக் கடைக்குப் போறன் என்று யாரும் தயக்கமில்லாமல் சொல்லலாம். மேட்டர் அச்சுக்கூடத்திலிருந்து வந்தது. எழுத்துக் கோத்த பக்கம் மேட்டர், பத்திரிகைக்குப் போகிற செய்தியும் மேட்டர். பத்திரிகை அலுவலகத்தில் இன்றும் 'மேட்டர் வந்துருச்சா?' என்று ஆசிரியர் கேட்பார், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அலுவலகத்துக்கு வெளியே அந்தச் சொல் படுக்கையறைக்குப் போய்விட்டது. கிராக்கியோ வேறு திசையில் போனது: விலைக்கு இருக்கும் தேவை, பிறகு ஆட்டோக்காரருக்குச் சவாரிக்கு வருகிற ஆள், கடைசியில் 'சாவுகிராக்கி' என்ற வசவு. சந்தைதான் கொச்சைக்குப் பெரிய கொள்முதல் இடம் என்று தோன்றுகிறது.

எல்லாப் பொருளும் எல்லா இடத்திலும் செல்லாது என்பதையும் பார்க்க வேண்டும். சரக்கு சிரிக்கிற சொல். நண்பர்கள் கூட்டத்திலும் சினிமா வசனத்திலும் மீமிலும் அது நன்றாக நடக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நாட்களின் செய்திகளைப் படித்தால் விஷச்சாராயம், கள்ளச்சாராயம் என்று இருக்கும். பத்திரிகைகள் பொதுவாகச் சரக்கு என்று எழுதவில்லை. குடித்தவர்கள் தங்களுக்குள் அதைச் சரக்கு என்றுதான் சொல்லியிருப்பார்கள். சாவு வந்ததும் சொல் விலகிக்கொண்டது. அதேபோலப் புட்டி ஏற்றிய லாரி கவிழ்ந்தால் 'மதுபாட்டில் ஏற்றிச் சென்ற லாரி' என்றுதான் தலைப்பு வைப்பார்கள். 'சரக்கு லாரி கவிழ்ந்தது' என்று வைத்தால் பொய்யில்லை, ஆனால் படிப்பவருக்குச் சிமெண்டு மூட்டைதான் தெரியும்.

ஒரு சொல்லில் கறை படிந்தால் அதைத் துடைக்க யாரும் மெனக்கெடுவதில்லை. வேறு சொல்லுக்குப் போய்விடுகிறார்கள். நறுமணத்துக்கு இருந்த 'நாற்றம்' துர்நாற்றமானபோது இதுதான் நடந்தது. கண்ணனின் வாய் கற்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ என்று ஆண்டாள் சங்கிடம் கேட்டதைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது முதலில் 'நாறு' என்ற சொல்லுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. சரக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் வியாபாரிகளின் பேச்சைக் கேட்டால் விலகல் தொடங்கிவிட்டது தெரியும். 'லோடு வந்துச்சா', 'மெட்டீரியல் இறங்கிடுச்சா', 'ஸ்டாக் இருக்கா' என்கிறார்கள். சரக்கு என்று சொன்னால் எதிர்முனையில் ஒரு கேலி வரும், பதில் சொல்லி நேரம் போகும்.

மண்டைச் சரக்குக்கும் மாற்று வந்துவிட்டது. ஆள்கிட்ட சரக்கு இருக்கு என்று அப்பா சொன்ன இடத்தில் மகன் 'கன்டென்ட் இருக்கு' என்கிறான். சில காலம் 'ஸ்டஃப் இருக்கு' என்றும் சொன்னார்கள். ஆனால் ஸ்டஃப் கஞ்சாப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டதால் அதுவும் கண்ணியமான இடத்தில் உதவாமல் போயிற்று. 'பொருள்' என்ற சொல்லின் நிலையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ரவுடிகளைப் பற்றிய படங்களில் அது அரிவாள், கத்தி. காவல்துறைச் செய்திக்குறிப்பில் போதைப்பொருள். அறம், பொருள், இன்பம் என்று வள்ளுவர் நடுவில் வைத்த சொல் அது.

மாற்றாக வந்த சொற்களும் அதிக நாள் வெள்ளையாக இருப்பதில்லை. அரிசிக்கடைக்காரர் பயன்படுத்துகிற 'ஸ்டாக்' இப்போதுதான் வரிசையில் நிற்கிறது. காந்தி ஜெயந்திக்கு டாஸ்மாக் மூடியிருக்கும். முந்தின நாள் சாயங்காலம் நண்பர் போன் பண்ணி 'ஸ்டாக் இருக்கா?' என்று கேட்டால், உங்கள் வீட்டில் அரிசி எத்தனை கிலோ மிச்சம் இருக்கிறது என்று அவர் கவலைப்படவில்லை.